பக்கவாதம் வந்த பெரியவருக்கு வீட்டில் மாத்திரை கொடுப்பது: பையைக் கொட்டுவதிலிருந்து தொடங்குங்கள்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சக்கர நாற்காலியோடு ஒரு மஞ்சள் பையும் வந்தது. உள்ளே 11 வகை மாத்திரை. அப்பாவுக்கு 74 வயது. மூளையின் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. டிஸ்சார்ஜ் சீட்டில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் ஆரத்தி கரைத்த கையோடு அம்மா வந்து, "எதை எப்போ கொடுக்கணும்?" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம், விடிகாலை. கழிவறைக்குப் போக எழுந்தவர் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 92/58-க்கு இறங்கியிருந்தது. மறுபடியும் வாதமோ என்று பதறி ஓடினோம். இல்லை. காரணம் எங்கள் வீட்டு அலமாரியில், பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது. ஆறு வருடமாக அப்பா சாப்பிட்டுவந்த அம்லோடிபின் 5 மி.கி. என்ற பிரஷர் மாத்திரையை அம்மா வழக்கம்போல் தினமும் காலையில் கொடுத்துவந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த புது பிரஷர் மாத்திரைக்குள்ளும் அதே அம்லோடிபின் 5 மி.கி. இருந்தது, டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு சேர்த்து. "அது பழைய மாத்திரை, இது புது மாத்திரை. ரெண்டும் வேற வேறதானே?" என்றார் அம்மா. நிறமும் பெயரும் வேறு, அட்டையும் வேறு. அம்மா வேறென்ன நினைப்பார்?

இந்த இரண்டு வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு வேளை மாத்திரை மறந்துபோனதால் எங்களுக்கு வந்த தொந்தரவு கொஞ்சம். ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போனதால் வந்தது அதிகம். இதயத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர் என்று ஆளுக்கு இரண்டு எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டு மாமியும் ஒன்று சொல்கிறார். மொத்தத்தையும் ஒரே ஆள் பார்க்கிற இடம் உங்கள் வீடு ஒன்றுதான்.

நான் மருத்துவர் இல்லை. கீழே இருப்பதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவது

ஒரு பாயை விரித்து, வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையையும் அதில் கொட்டுங்கள். ஆஸ்பத்திரிப் பை மட்டும் போதாது. பிரிட்ஜ் கதவு, சாமி அலமாரி, அவர் பழைய சட்டைப்பை, தலையணைக்கு அடியில் என எல்லா இடத்தையும் பாருங்கள். கண் சொட்டு மருந்து, வலிக்குத் தடவும் ஜெல், லேகியம், சூரணம், மலமிளக்கி, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் டப்பா எல்லாம் பாய்க்கு வரட்டும்.

இப்போது ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் படியுங்கள். பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயராக இருக்கலாம். அது முக்கியமில்லை. உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று இருக்கும் வரியைத்தான் படிக்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே மருந்துப் பெயர் இரண்டு அட்டைகளில் வந்தால் வட்டம் போடுங்கள். கூட்டு மாத்திரைகளில்தான் இந்தத் தவறு ஒளிந்திருக்கும். உதாரணமாக எகோஸ்பிரின் ஏவி என்பதில் ஆஸ்பிரினோடு கொலஸ்ட்ரால் மருந்தான அடோர்வாஸ்டாடினும் இருக்கிறது. அதோடு தனியாக ஒரு அடோர்வாஸ்டாடின் அட்டையும் இருந்தால், இரண்டும் வேண்டியதா என்று கேட்க வேண்டும். சில சமயம் மருத்துவர் தெரிந்தே அளவைக் கூட்டியிருப்பார். பல சமயம் பழைய சீட்டும் புதிய சீட்டும் கலந்துபோயிருக்கும்.

வட்டம் போட்டவற்றையும் காலாவதியானவற்றையும் தனிப் பையில் கட்டி, மருத்துவரிடம் காட்டும்வரை எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்னொரு சின்ன விஷயம். அட்டையின் ஒரு ஓரத்தில்தான் காலாவதித் தேதி இருக்கும். மாத்திரையை எப்போதும் எதிர் ஓரத்திலிருந்து எடுங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால், தேதியும் பெயரும் உள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள்.

அடைப்பா, கசிவா?

இது தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பக்கவாதம் இரண்டு விதம். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, வெடித்துக் கசிவது இன்னொன்று. பெரும்பாலோருக்கு வருவது அடைப்பு. அடைப்பு வந்தவருக்கு ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். கசிவு வந்தவருக்கு அதே மாத்திரை ஆபத்தாகலாம். அவருக்குப் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வேலை. "என் மாமனாருக்கும் வாதம்தான், அவருக்கு இந்த மாத்திரைதான் கொடுத்தார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும். டிஸ்சார்ஜ் சீட்டில் எது என்று எழுதியிருக்கும். புரியவில்லையென்றால் நேரடியாகக் கேளுங்கள்: "அடைப்பா, கசிவா?"

ஒரே தாள்

வீட்டில் பத்து சீட்டு இருக்கலாம், பட்டியல் ஒன்றுதான் இருக்க வேண்டும். கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நான் எழுதியதில் இரண்டு வரி இப்படி இருந்தது:

டெல்மிசார்டன் 40 + அம்லோடிபின் 5. பிரஷருக்கு. காலை 8 மணி, சாப்பிட்ட பின் 1. இதயத்துக்குப் பார்க்கும் டாக்டர் எழுதியது. தொடர்ந்து.

குளோபிடோக்ரெல் 75. ரத்தம் கட்டாமல் இருக்க. மதியம் சாப்பிட்ட பின் 1. நரம்பு டாக்டர் எழுதியது. 21 நாள் மட்டும், அப்புறம் கேட்க வேண்டும்.

மருந்து, எதற்கு, எப்போது, எழுதியவர் யார், எதுவரை. இந்த ஐந்தில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குளோபிடோக்ரெல் கதையையே பாருங்கள். லேசான அடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்துப் பெரும்பாலும் 21 நாள், சிலருக்கு 90 நாள்வரை கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் தொடர்வார்கள். ஆரம்ப நாட்களில் மறு அடைப்பு வராமல் இருக்க இரண்டும் உதவும். நாள் போகப்போக உபகாரம் குறைந்து, ரத்தக் கசிவு அபாயம் மட்டும் நிற்கும். சீட்டில் 21 நாள் என்று இருந்தாலும், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி வாங்கி, ஒரு வருடமாக இரண்டையும் விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் வைத்தவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு இரண்டும் கூடுதல் நாள் தேவைப்படலாம். எதுவானாலும் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாளின் தலைப்பில் பெயர், வயது, அடைப்பா கசிவா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த எண் காட்டும். வயதானவர்களுக்குப் பல மருந்துகளின் அளவு அதைப் பொறுத்தது. தாளைப் படம் பிடித்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்துவிடுங்கள்.

ரத்தம் கட்டாமல் இருக்கும் மருந்துகள்

இவற்றில் இரண்டு வகை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஒரு வகை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கு எழுதும் வார்ஃபரின், அசினோகுமரால், டாபிகாட்ரான், அபிக்ஸாபான், ரிவராக்ஸபான் ஆகியவை இன்னும் வலுவான வகை. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அசினோகுமராலோ வார்ஃபரினோ என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. துடிப்புக் கோளாறுக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது வழக்கமாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் அடைப்பு வரலாம், கூடினால் கசிவு வரலாம். கீரையை விட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். முருங்கைக்கீரை, அரைக்கீரை இவற்றில் இந்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே இருப்பது உண்மைதான். அதற்காக அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாளாகவே இருக்கட்டும். ஒரு மாதம் கீரையே இல்லாமல், அடுத்த வாரம் தினமும் கீரை என்பதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். ஜுரத்துக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் எழுதினால், இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஐ.என்.ஆர். சட்டென்று ஏறிவிடும்.

புதிய வகைகளுக்கு அந்தப் பரிசோதனை இல்லை, ஆனால் வேறு விதிகள் உண்டு. அபிக்ஸாபான் தினமும் இரண்டு வேளை. ரிவராக்ஸபானின் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். டாபிகாட்ரான் காப்ஸ்யூலைத் திறந்து பொடியைக் கொட்டிக் கொடுக்கவே கூடாது, வேறு டப்பாவுக்கு மாற்றவும் கூடாது.

மலம் தார் போலக் கறுத்துப் போவது, சிறுநீரில் சிவப்பு, ஈறில் நிற்காத ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பல் பிடுங்கப் போனால், "ஆஸ்பிரினை ஐந்து நாள் நிறுத்திட்டு வாங்க" என்று யாராவது சொல்லலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். நிறுத்திய அந்த நாட்களில்தான் மறுபடி அடைத்துக்கொள்ளும் ஆபத்து.

கையில் கொடுத்தால் வாயில் போயிற்றா?

மற்ற பெரியவர்களுக்கு மாத்திரை கொடுப்பதற்கும் வாதம் வந்தவருக்குக் கொடுப்பதற்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். அப்பா தட்டின் இடது பக்கம் வைத்த மாத்திரையை எடுக்கவே மாட்டார். மறதி என்று நினைத்து அம்மா கோபித்துக்கொண்டார். மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைப்பதில்லை என்று பயிற்சியாளர் சொன்ன பிறகுதான் புரிந்தது. தட்டில் இட்லியும் பாதி மிச்சம் இருக்கும், இடது பாதி. அன்றிலிருந்து மாத்திரையை வலது உள்ளங்கையில் நேரே வைக்கிறோம்.

ஒரு கையால் அட்டையை அழுத்தி மாத்திரை எடுக்க முடியாது. "அவரே போட்டுக்கொள்வார்" என்று விடும் முன் அவர் முன்னால் அட்டையை வைத்து, எடுக்கச் சொல்லிப் பாருங்கள். வாரத்துக்கு ஏழு கட்டம், நாளுக்கு மூன்று வேளை உள்ள டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை, டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் தாளைப் படிக்க இன்னொருவர் போட வேண்டும். காற்றுப் பட்டால் கெடும் மாத்திரைகளை அட்டையோடு வெட்டிப் போடலாம். ஓரம் தொண்டையைக் கிழிக்கும் என்பதால், அட்டைத் துண்டோடு ஒருபோதும் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது விழுங்குவது. தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா, குடித்த பின் குரல் கொழகொழவென்று மாறுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் தண்ணீரோடு மாத்திரை கொடுப்பது நுரையீரலுக்கு அனுப்புவது போல ஆகிவிடும். விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை ஆஸ்பத்திரியில் சொன்ன முறையையே கடைப்பிடியுங்கள். நேராக உட்கார வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மாத்திரை, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. பலருக்குத் தண்ணீரைவிட மசித்த வாழைப்பழமோ கெட்டித் தயிரோ பத்திரமாக இறங்கும். கொடுத்து முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, தளர்ந்த பக்கக் கன்னத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அப்பா வாயில் காலை மாத்திரையை நான் மதியம் எடுத்திருக்கிறேன். உணர்ச்சி இல்லாத கன்னத்தில் ஒதுங்கிக் கிடப்பது அவருக்கே தெரியாது. கொடுத்த பின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

"நுணுக்கிக் கொடுத்தால் என்ன?" என்று எல்லோரும் கேட்பார்கள். சிலவற்றை நுணுக்கலாம், சிலவற்றைக் கூடவே கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர்., சி.ஆர். என்று எழுத்து இருந்தால், அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரை. நுணுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே மணி நேரத்தில் ஏறிவிடும். ஆஸ்பிரின், வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல் போன்றவற்றில் சிலவற்றுக்கு மேலே பூச்சு இருக்கும், அதையும் உடைக்கக் கூடாது. கடைக்காரரிடம், "இதை நுணுக்கலாமா, இல்லாவிட்டால் இதே மருந்து கரையும் மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைத்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால், எல்லா மாத்திரையையும் ஒன்றாகக் கரைத்து ஊற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, முன்னும் பின்னும் வெந்நீரை ஆறவிட்டுச் சொன்ன அளவு செலுத்தி, கஞ்சியோடு கலக்காமல் கொடுக்க வேண்டும். வலிப்புக்கு எழுதும் பெனிடாயின், கஞ்சியோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. அதற்கு எவ்வளவு இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம், மறந்துபோனால்

வழக்கமாகச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அமிலத்துக்கான பான்டோபிரசோல் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன். தைராய்டு மாத்திரை இருந்தால் வெறும் வயிற்றில், கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. அமிலத்துக்கு ஒமிப்ரசோல் அல்லது எசோமிப்ரசோல் எழுதியிருந்து, கூடவே குளோபிடோக்ரெலும் இருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவை குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. எந்த மாத்திரைக்கும் இது பொது விதி. மறந்ததை எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். முதல் தடவை சீட்டு வாங்கும்போதே கேட்டுத் தாளில் எழுதினால், ராத்திரி பதினோரு மணிக்கு யோசிக்க வேண்டியிருக்காது.

குறைந்துபோவதும் ஆபத்துதான்

பிரஷர் ஏறக் கூடாது என்றே பயந்து பயந்து, இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. பிரஷரை எப்போதும் நன்றாக இருக்கும் கையில், ஐந்து நிமிடம் உட்கார வைத்த பின் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை, படுத்திருக்கும்போது ஒன்று, எழுந்து நின்ற பின் ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொன்று என்று எடுத்துப் பாருங்கள். நிற்க வைக்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது கிறுகிறுப்பு வந்தால், நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது உண்டு. அந்த வீக்கத்தைப் பார்த்து இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுவார், அதனால் சோடியம் குறையும், அதனால் குழப்பம் வரும், குழப்பத்துக்கு இன்னொரு மாத்திரை வரும். ஒரு மாத்திரையின் தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி இப்படித்தான் நீள்கிறது. புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும், "கடந்த ஒரு மாதத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது?" என்று முதலில் தாளைப் பாருங்கள்.

டெல்மிசார்டன் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பலவற்றில் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள். பிரஷருக்கு நல்லது என்று வாங்கிக் கொட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, அதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சுகர் இறங்குவது இன்னும் ஏமாற்றும். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்வது என்று வாதம் போலவே காட்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பாடு இறங்காத நாளில்தான் பெரும்பாலும் வரும். சஷ்டி விரதம், ஏகாதசி என்று பெரியவர்கள் சத்தமில்லாமல் சாப்பாட்டைக் குறைப்பதையும் கவனியுங்கள். பேச வராதவர் "எனக்குப் படபடன்னு வருது" என்று சொல்ல மாட்டார். திடீரென்று வேர்த்தால், சுணங்கினால், வழக்கமில்லாமல் எரிந்து விழுந்தால் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழிப்போடு விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

வாந்தியும் பேதியும் பிடித்த நாளில் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சுகருக்கான மெட்பார்மின் இவற்றை அப்படியே தொடரலாமா என்று அன்று காலையே போன் போட்டுக் கேளுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் படுத்தலாம்.

சீட்டில் இல்லாதவை

தளர்ந்த பக்கத்துத் தோள் வலிக்கும். வாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு இந்த வலி உண்டு. மெடிக்கலில் போய், "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூஃபன் என்று ஏதாவது வரும். இவை பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் வரவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. இபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கவும் செய்யும். பாரசிட்டமால் பொதுவாக இவற்றைவிடப் பத்திரம். அதற்கும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள், வார்ஃபரின் வகை சாப்பிடுகிறவர் நாள்கணக்கில் எடுத்தால் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்.

சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்து பிரஷரை ஏற்றும். அரிப்புக்கும் சளிக்கும் போடும் அவில் போன்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் பெரியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். தூக்கம் வரவில்லையென்று அல்பிரசோலம் பழகிவிட்டால் விழுந்து இடுப்பெலும்பு உடைவது வரை போகலாம். ஏற்கெனவே பழகியவருக்குத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

லேகியத்துக்கு வருவோம். பெரியம்மா அன்போடு கொடுத்தனுப்பிய டப்பாவை மறுக்க எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் உள்ளே என்ன என்று எழுதாத எதையும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இருமலுக்கு நல்லதென்று நாம் நம்பும் அதிமதுரமே தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். சித்த மருத்துவரிடம் போனால் இந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து சாப்பிடுவதை ஆங்கில மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுத்தால் மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும், கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வாங்குமிடம்

முடிந்தவரை ஒரே மருந்துக் கடை. அவருக்கும் உங்கள் பட்டியல் பழகிவிடும். வேறு கம்பெனி அட்டை கொடுத்தால் தப்பில்லை, உள்ளே மருந்தும் மி.கி. அளவும் ஒன்றா என்று தாளோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025-ல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை நிறையக் குறையும். மாதச் செலவு தாங்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதைவிட, மருத்துவரிடம் மருந்துப் பெயரிலேயே எழுதித் தரச் சொல்லி அங்கே வாங்குவது எவ்வளவோ மேல்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. மாத்திரை கொண்டுவருகிற சுகாதாரப் பணியாளரிடம் தாளைக் காட்டி, எங்கே வேறு மாத்திரை வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரே மருந்து இரண்டு வழியில் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் நிலைப்படியில் பார்த்தாயிற்று.

மருத்துவரிடம் கேட்பது

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, மாத்திரை அட்டைகள், தாள், பிரஷர் சுகர் நோட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு மருத்துவரிடம் உட்காருங்கள். குடும்ப மருத்துவர் இருந்தால் அவர்தான் இதற்குச் சரியான ஆள். "இதில் எது இன்னும் தேவை? எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம்?" நீங்கள் கேட்காவிட்டால் நிறுத்தலாம் என்ற பேச்சே எழாது. கூட்டத்தில் அவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அதில் சீட்டைப் புரட்டவே மூன்று நிமிடம் போகும். தாள் இருந்தால் அந்த மூன்று நிமிடம் மிச்சம். வாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். அதற்கு எழுதும் மாத்திரைகளில் சில ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதால், சோடியம் எப்போது பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

எங்களுக்கு முதல் தடவை 11-இல் இரண்டு போயின. ஆறாவது மாதம் இன்னும் இரண்டு. "என்னம்மா, கை நெறய இருந்தது, இப்போ சிலதைக் காணோமே?" என்று அப்பா சந்தேகத்தோடுதான் கேட்டார்.

மறுபடி வாதம் போலத் தெரிந்தால்

முகம் கோணுவது, கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூடுதலாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இந்த முறை கசிவாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. பிரஷர் ஏறியிருக்கிறதென்று இன்னொரு பிரஷர் மாத்திரையும் வேண்டாம். ரத்தம் கட்டாமல் இருக்கும் வலுவான வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், கடைசி வேளை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி போடலாமா கூடாதா என்பது அதையும் பொறுத்தது.

நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், பொறுப்பை வாய்வார்த்தையாக ஒப்படைக்காதீர்கள். என் தம்பி முதல் தடவை பார்த்துக்கொண்டபோது, கிளம்பும் முன் அவனையே ஒரு வேளை கொடுக்க வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கையில் மாத்திரை, கெட்டித் தயிர், ஒன்றொன்றாக. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு எழுந்தான். "டார்ச் எங்கே?" என்றேன்.